நீட்டலை விழுங்கிய லேப்டாப்

அஜ்லூன்
ஜமாதுல் ஆகிர், வியாழக்கிழமை, அசர் தொழுகைக்குப் பின்

கடலின் மேல் இருக்கும் என் மகன் குதைபாவுக்கு உம்மா சலாம் சொல்லி எழுதுவது. நானும் உன் வாப்பாவும் அல்லாஹ்வின் கிருபையால் நடமாட்டமாக, சாப்பாடு செல்லும்படியாக இருக்கிறோம், உன் உடம்பும் மனசும் அப்படித்தானா என்று பார்த்துவர ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் என் மனம் உன் கப்பலைத் தேடிப் போய்த் திரும்புகிறது. உங்கள் கப்பலுக்கு மாற்று ஆட்கள் கிளம்புகிறார்கள் என்று அகபா அலுவலகத்தில் சொன்னார்கள், அவர்கள் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலத்தையும் கொடுத்துவிடுகிறேன். பொட்டலத்தில் ஸஅதர் மூலிகைப் பொடியும் உலர்ந்த அத்தியும் எண்ணெயில் ஊறிய கத்தரிக்காய் ஒரு போத்தலும் இருக்கின்றன, போத்தலை மூன்று உறை போட்டுக் கட்டியிருக்கிறேன், வந்ததும் முதலில் அதை நிமிர்த்தி வை, போனமுறை மாதிரி உன் சட்டையெல்லாம் எண்ணெய் குடித்துவிடப் போகிறது. இந்த வருஷம் மழை பிந்தியதால் ஒலிவங்காய் சிறுத்துவிட்டது, ஆனாலும் நம் மரங்கள் வீட்டுக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டன. ருபா ஸர்காவில் வேறு வீட்டுக்கு மாறிவிட்டாள், மாடிப்படி ஏறி இறங்கியே மெலிந்துவிட்டேன் என்று உன் அக்கா சொல்கிறாள், எனக்கு அப்படித் தெரியவில்லை. உன் வாப்பா வனத்துறையிலிருந்து ஓய்வு பெற்றும் காடு அவரை விடவில்லை, காலையில் கிளம்பினால் மதியம் சோற்றுக்குத்தான் வருகிறார், எங்கே போனீர்கள் என்றால், “மரத்தையெல்லாம் எண்ணிட்டு வர்றேன், ஒண்ணு கொறஞ்சா உன் கணக்குல எழுதிடு” என்கிறார்.

போனமுறை லைன் கிடைத்தபோது லேப்டாப் ஒழுங்காக ஓடுகிறதா உம்மா என்று கேட்டாய், ஓடுகிறது என்று சொன்னேன். அன்றைக்கு உன் குரலே விட்டுவிட்டு வந்தது, கடலும் கொந்தளிப்பாக இருந்தது என்றாய், அந்த நேரத்தில் உன்னை அலைக்கழிக்க வேண்டாம் என்று நினைத்தேன். ருபா பிறகு உனக்கு ஏதோ அரைகுறையாகச் செய்தி அனுப்பி, நீ “என்னாலதான் எல்லாம் கெட்டுப்போச்சு” என்று பதில் போட்டாயாம். அதனால் நடந்ததை முழுசாக எழுதுகிறேன், உட்கார்ந்து படி, இஞ்சின் அறையில் நின்றுகொண்டு படிக்காதே.

என் இஜாஸா விஷயம் உனக்குப் பாதி தெரியும், நீ கப்பலுக்குத் திரும்பிய பிறகு நடந்ததெல்லாம் தெரியாது. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான், அடுப்படியில் ரேடியோவை வைத்துக்கொண்டு ஓதுகிறவர்களின் குரலைக் கேட்டுக் கேட்டே மறை முழுவதையும் நெஞ்சில் இறக்கினேன். நெஞ்சில் இருந்தால் மட்டும் போதாது, ஓர் ஆசிரியை முன்னால் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை பார்க்காமல் ஓதிக் காட்ட வேண்டும், ஒவ்வோர் எழுத்தும் பிறக்கிற இடம், ஒவ்வொரு நீட்டலின் அளவு, குன்னா என்கிற மூக்கொலி எல்லாம் அவர் காதில் சரியாக விழ வேண்டும், அவர் ஒப்பினால்தான் இஜாஸா என்கிற சான்றிதழ். அந்த ஆசிரியை யாரிடம் ஓதினார், அவருடைய ஆசிரியை யாரிடம் ஓதினார் என்று மேலே மேலே போய் நபியிடம் போய்ச் சேருகிற பெயர் வரிசை அதில் இருக்கும், கடைசியில் என் பெயரும் ஏறும். இந்த வயதில் எனக்கு இதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை, நீ பத்திரமாகக் கரையேறுவதைத் தவிர. என்னைக் கேட்கிறவர் ஆனிஸா லுபாபா, பள்ளிவாசலுக்குப் பின்னால் குடியிருந்தார்களே அந்தக் குடும்பத்துப் பெண், நம் ருபாவைவிடச் சின்னவள், ஓதலில் எனக்குத் தாய் மாதிரி, கூப்பிடும்போது நான் அவருக்குக் காலா, சின்னம்மா. கல்யாணமாகி மஸ்கட்டுக்குப் போனதிலிருந்து லேப்டாப் வழியாகத்தான் என்னைக் கேட்கிறார். இந்த வருஷம் அவர் உண்டாகியிருந்தார். “பிள்ளை வந்துருச்சுன்னா ரெண்டு வருஷத்துக்கு யாரையும் கேக்க எனக்கு நேரம் இருக்காது காலா, அதுக்குள்ள முடிச்சிரணும்” என்று முன்பே சொல்லிவிட்டார். நீ விடுமுறைக்கு வந்திருந்தபோது முப்பது பாகத்தில் இருபத்து மூன்றை முடித்திருந்தேன்.

அந்த விடுமுறையில்தானே நீ லேப்டாப்பைத் துடைத்துப் புது இயங்குதளம் போட்டுத் தந்தாய். பழையதுக்கு இனிமேல் பாதுகாப்பு வராது உம்மா, கதவு இல்லாத வீடு மாதிரி ஆகிவிடும் என்றாய், சரி என்றேன், என் வீட்டுக் கணக்கையெல்லாம் பத்திரமாக எடுத்து வைத்து ஒரு வரிகூடப் போகாமல் திரும்பப் போட்டுத் தந்தாய், அதற்கு உனக்கு அல்லாஹ் நற்கூலி தரட்டும். நீ போனபிறகு சின்னச் சின்ன மாற்றம் தெரிந்தது. திரை வெளிச்சத்தைக் கூட்டுகிற பொத்தான் வேலை செய்யவில்லை. சார்ஜ் எண்பதுக்கு மேல் ஏறவில்லை, பாட்டரி போய்விட்டது என்று நினைத்தேன். உன் வாப்பா, “எம்பதாவது ஏறுதேன்னு சந்தோஷப்படு ஹாஜியம்மா, எனக்கு நாப்பதுக்கு மேல ஏறி வருஷமாச்சு” என்றார். இதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. பெரிதாகப் பட்டது வேறு.

நீ போன வாரமே ஆனிஸா என்னை நடுவில் நிறுத்தினார். “காலா, நீட்டல் கொறையுது. ஆறு விரல் மடங்குற நேரம் வரணும், நீங்க மூணுலயே விட்டுட்டீங்க” என்றார். நான் விடவில்லை, ஆறையும் மடித்துத்தான் நிறுத்தினேன், என் கை மடியில் இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. திரும்ப ஓதினேன். “இப்பவும் பாதியிலயே அறுந்துபோகுது, வாய் மட்டும் தெறந்திருக்கு, சத்தம் இல்ல. மூச்சு பத்தலயா?” என்றார். படம் எப்போதும் கொஞ்சம் பிந்தி வரும் என்பதால் வாய் திறந்திருப்பதை இருவரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. குன்னாவும் அப்படியே, ம் என்று மூக்கில் நின்று ரீங்கரிக்க வேண்டியது தொடங்கியதும் அணைந்துவிடுகிறது என்றார். மகனே, ரேடியோ முன்னால் உட்கார்ந்து நான் முதலில் பிடித்துக்கொண்டதே நீட்டல்தான், அதிலேயே குறை என்றார். வயது வந்துவிட்டது, மூச்சு போய்விட்டது, எனக்கே தெரியாமல் குறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஸஅதரும் தேனும் காய்ச்சிக் குடித்தேன். அடுத்த அமர்வில் இன்னும் இழுத்து ஓதினேன், இன்னும் அறுந்தது, அதற்கடுத்து அதைவிட இழுத்தேன். உன் வாப்பா அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னா இழுப்பு, இர்பித்லேர்ந்து அகபா வரைக்கும் ஒரே மூச்சுலயா போற?” என்றார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் உள்ளே வந்து உட்கார்ந்து, நாளைக்கு டாக்டரிடம் போகலாம் என்றார். நெஞ்சு டாக்டர் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார், ஊதினேன், காகிதத்தைப் பார்த்துவிட்டு, “இந்த நுரையீரல வெச்சுக்கிட்டு இங்க எதுக்கு வந்தீங்க, மலையேறப் போங்க ஹாஜியம்மா” என்றார். வெளியே வந்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மூச்சு சரி என்றால் பிசகு என் நாவிலா, என் காதிலா. ஓதுகிறவளுக்குத் தன் காதே துரோகம் செய்தால் அவள் எதைப் பிடித்துக்கொள்வாள்?

இப்படியே ஐந்து பாகம் போயிற்று. ஆனிஸா ஒவ்வோர் இடத்திலும் திருத்தினார், நான் மறுபடி ஓதினேன், ஏற்றுக்கொண்ட இடமும் உண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு போகட்டும் என்று விட்ட இடமும் உண்டு. ஒருநாள் அவர் மெதுவாக, “காலா, கொஞ்ச நாள் நிறுத்தி வெப்பமா, நீங்க ரொம்ப சிரமப்படுறீங்க” என்றார். நிறுத்தினால் பிள்ளை பிறந்துவிடும், பிறகு இரண்டு வருஷம், அதற்குள் யார் இருப்பார் யார் போவார். நான் துஆ செய்துகொண்டு எழுந்தேன். மறுநாள் மனசு கேட்காமல் போனில் அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் ஓதிக் குரல்பதிவாக அனுப்பினேன், என் குறை எங்கே என்று விரல் வைத்துச் சொல்லுங்கள் என்று. உடனே பதில் வந்தது. “காலா, இதுல எல்லாம் முழுசா இருக்கு! இன்னும் சொல்லப்போனா கூடுதலாவே இருக்கு. ராத்திரி நல்லா தூங்குனீங்களா?” என்று கேட்டார். நான் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அதே தொண்டை, அதே மூச்சு, போனில் முழுசு, லேப்டாப்பில் பாதி. அப்போதுதான் சந்தேகம் என்னை விட்டு இறங்கி அந்தப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தது. அப்படியானால் போனிலேயே ஓதிவிடலாமே என்று நீ கேட்பாய், நம் வீட்டுக் கல்சுவருக்குள் போன் அழைப்பு நிலைக்காது, நிலைத்தாலும் அழைப்பில் அதுவும் நடு நடுவே விழுங்கியது, ஆனிஸாவுக்கு என் உதடு குவிவதும் தெளிவாகத் தெரிய வேண்டும், என் போனின் முன்பக்கக் காமிரா தயிர்ச்சட்டியில் விழுந்ததிலிருந்து எல்லாரையும் மூடுபனியில்தான் காட்டுகிறது.

லேப்டாப்பைத் துணிப்பையில் வைத்துக் கடைத்தெருவில் முஹன்னதிடம் கொண்டுபோனேன், உன்னோடு பள்ளியில் ஒரே வகுப்பில் இருந்தானே, இப்போது போன், கணினி ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறான், தலையில் முடி குறைந்து வயிறு கூடியிருக்கிறது. விஷயத்தைக் கேட்டதும், “புதுசு ஒத்துக்கலன்னா பழசையே போட்டுத் தந்துர்றேன் காலா, உக்காருங்க, காப்பி வருது” என்றான். கூடாது, பழையது கதவில்லாத வீடு என்று என் மகன் சொல்லியிருக்கிறான் என்றேன். “ஆமா, அவன் சொன்னா சரிதான், பரீட்சையிலயும் அவன் சொன்னதத்தான் நான் எழுதுவேன்” என்றான். பிறகு மைக் முன்னால் உங்கள் ஓதலை ஓதுங்கள், பதிவு செய்து பார்ப்போம் என்றான். கடைக்குள் ஆள் வந்து போகிற இடம், எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் நீண்ட நீட்டல் உள்ள ஒரு வசனத்தை ஓதினேன். கடையில் இருந்த இரண்டு பேர் போனைக் கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்து கேட்டார்கள். பதிவைப் போட்டபோது நானே கேட்டேன் மகனே, ஆனிஸா இத்தனை நாளும் கேட்டதை. என் குரல் நிமிர்ந்து எழுகிறது, நீள ஆரம்பிக்கிறது, யாரோ கத்தரி வைத்த மாதிரி பாதியில் போய்விடுகிறது, அடுத்த சொல்லில் திடீரென்று திரும்பி வருகிறது. முஹன்னத் மறுபடி போட்டான், காதை ஒட்டி வைத்துக் கேட்டான், எழுந்து போய்க் கடைக்கதவைத் திறந்தான். பக்கத்துப் பழச்சாறு கடையின் பெரிய ப்ரிட்ஜ் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. “இது பதிவுல எங்க காலா? நமக்குக் காது கிழியுது, பதிவுல ஒரு துளி இல்ல. உள்ள ஒருத்தன் உக்காந்து ஒரே மாதிரி நீளுற சத்தத்தையெல்லாம் வெட்டிக்கிட்டு இருக்கான். அவனுக்கு ப்ரிட்ஜும் ஒண்ணுதான், உங்க நீட்டலும் ஒண்ணுதான்” என்றான். அஸ்தக்ஃபிருல்லாஹ், அல்லாஹ் மன்னிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன், ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு பாறை உருண்டு போன மாதிரி இருந்தது.

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன், நீ இஞ்சினீயர், பிழை இருந்தால் சிரித்துக்கொள். லேப்டாப் வாங்கும்போதே அதைச் செய்த கம்பெனி உள்ளே சில ப்ரோக்ராம்களைப் போட்டே விற்கிறது, வெளிச்சப் பொத்தானுக்கு ஒன்று, சார்ஜை எண்பதில் நிறுத்தி பாட்டரியின் ஆயுளைக் காப்பாற்ற ஒன்று, பேசும்போது பின்னால் ஓடுகிற மின்விசிறிச் சத்தத்தை வெட்ட ஒன்று. பழைய இயங்குதளத்தில் அந்த வெட்டும் வேலையை நீ எப்போதோ நிறுத்தி வைத்திருந்தாய் போலிருக்கிறது, எல்லாவற்றையும் துடைத்தபோது அந்த நிறுத்தமும் துடைபட்டுப்போனது. புதியது அப்டேட் ஆகும்போது தானாகவே கம்பெனி ப்ரோக்ராமைத் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிட்டது, வெட்டு வேலையைத் தொடங்கியும் விட்டது. சரி, நிறுத்திவிடலாம் என்று அதன் ஜன்னலைத் திறந்தால், சேவையுடன் இணைக்க முடியவில்லை என்று ஒரு வரி மட்டும் வந்து நிற்கிறது. “வேலைக்காரன் வந்துட்டான் காலா, நாம சொல்றதக் கேக்குற காது மட்டும் அவனோட வரல” என்றான் முஹன்னத். இயங்குதளத்தின் சொந்த செட்டிங்ஸில் மைக் பக்கம் போய்ப் பார்த்தான், அங்கே நிறுத்துகிற பொத்தானே இல்லை, அதையும் கம்பெனி ப்ரோக்ராம் தன் கைக்குள் வைத்துக்கொண்டது. லேப்டாப்பின் அடியில் இருக்கிற மாடல் எண்ணைப் பார்த்துக் கம்பெனியின் தளத்தில் தேடினான், நம் மாடலுக்குப் பழைய இயங்குதளத்துக்கு உரியதுதான் இருந்தது, அதை இறக்கிப் போட்டுப் பார்த்தான், இது எனக்கு ஒவ்வாது என்று புதியது துப்பிவிட்டது. கடைசியில் மைக்கை ஓட்டுகிற கம்பெனி ப்ரோக்ராமை, ஒலி டிரைவர் என்றான், அதை எடுத்துவிட்டு, இயங்குதளத்தோடு வருகிற சாதாரண டிரைவரைத் தேர்ந்தெடுத்தான், மெருகு கிருகு ஒன்றும் தெரியாத டிரைவர், விழுந்ததை விழுந்தபடி கொடுக்கும் என்றான். மறுபடி ஓதினேன். ப்ரிட்ஜின் உறுமலும் முழுசாக வந்தது, என் நீட்டலும் முழுசாக வந்தது. காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தான், மறுநாள் இந்த வருஷத்து எண்ணெயில் ஒரு போத்தல் கொண்டுபோய்க் கடை மேசையில் வைத்துவிட்டு வந்தேன், கணக்கிலும் எழுதிவிட்டேன்.

அன்றைய அமர்வில் ஆனிஸாவிடம் ஒன்றும் சொல்லாமல் ஓதினேன். கொஞ்சம் கேட்டார், கையைத் தூக்கினார். “காலா, இப்ப அதிகமாப் போகுது! ஆறுக்குப் பதிலா எட்டு, ஒம்பது. இதுவும் தப்புதான்” என்றார். பார்த்தாயா மகனே. பெட்டி வெட்டிய வாரங்களில் நான் இழுத்து இழுத்து என் சொந்த அளவையே கோட்டைவிட்டிருந்தேன். நடந்ததை அப்போதுதான் சொன்னேன், அவர், “அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், உங்க வாய் தெறந்திருக்குறதப் பாத்துக்கிட்டே உங்களக் குத்தம் சொன்னேன்” என்றார். விரலை மேசை மேல் வைத்து அவருக்குத் தெரியும்படி மடித்து மடித்து என் பழைய அளவுக்குத் திரும்பினேன். இரண்டு அமர்வில் வந்துவிட்டது. மூன்றாவதில் மறுபடியும் அறுந்தது. இந்தத் தடவை நான் பயப்படவில்லை, மூச்சைப் பழிக்கவில்லை, பொறுங்கள் ஆனிஸா, இது நான் இல்லை என்று சொல்லிவிட்டு முஹன்னதுக்குப் போன் போட்டேன். “அப்டேட் திரும்பக் கூட்டிட்டு வந்திருக்கும் காலா, வாசலைச் சாத்த மறந்துட்டேன்” என்று சொல்லி, கம்பெனிகளின் ப்ரோக்ராம்களைத் தானாக இறக்கட்டுமா என்று கேட்கிற இடத்துக்குப் போனிலேயே வழி சொன்னான், வேண்டாம் என்று நானே அமுக்கினேன், பழையபடி சாதாரண டிரைவரையும் நானே தேர்ந்தெடுத்தேன், ஆனிஸா மறுமுனையில் காத்திருந்தார். உன் வாப்பா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “வேண்டாம்னு சொல்றதுல இவள மிஞ்ச ஆளில்ல” என்றார். அன்றிலிருந்து அது திரும்ப வரவில்லை.

இங்கேதான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது. இன்னும் இரண்டு பாகம்தான் மீதி, பிள்ளைப்பேறும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனிஸா நிம்மதியாக, “சரி காலா, இருபத்தொம்பதுக்குப் போவோம், இதுவரைக்கும் ஓதுனதையெல்லாம் நான் ஏத்துக்கிட்டேன், கொறை உங்களுது இல்லன்னு தெரிஞ்சுபோச்சே” என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. உனக்கு என் பழக்கம் தெரியும், ஒரு பக்கம் நேராகாமல் அடுத்த பக்கத்தைத் திருப்ப மாட்டேன். பெட்டி வெட்டிய இடத்தில் நான் சரியாக ஓதியிருக்கலாம், ஓதாமலும் இருந்திருக்கலாம். சரியை மறைத்தது மாதிரி அது என் தவறையும் மறைத்திருக்குமே. ஆனிஸா, அந்த ஐந்து பாகத்தை நீங்கள் கேட்கவில்லை, பெட்டி விட்டுவைத்ததைத்தான் கேட்டீர்கள், கேட்காததற்குக் கையெழுத்துப் போடாதீர்கள், உங்களுக்கு மேலே இருக்கிற அத்தனை பேரும் காதால் கேட்டுத்தான் ஒப்பினார்கள் என்றேன். “திரும்ப ஓதுனா நேரம் பத்தாம போயிரும் காலா. முடிக்காமலே நின்னுரும், யோசிச்சுச் சொல்லுங்க” என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். உன் வாப்பா அன்றைக்குக் கேலி பேசவில்லை, “கைக்கு வந்தத நீயா தட்டிவிடுற” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொழப் போனார். திரும்பி வந்து இரண்டு டம்ளர் தேநீர் போட்டு ஒன்றை என் முன்னால் வைத்தார், அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

திரும்ப ஓதினோம். ஆனிஸாவைப் படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார்கள், தலையணையில் சாய்ந்துகொண்டு கேட்டார். இரண்டு இடத்தில் உண்மையாகவே நான் சொல் மாற்றி ஓதினேன், முன்பு அது பிடிபடவே இல்லை, அந்த இரண்டு இடத்துக்காகவே அத்தனையும் ஓதியது தகும் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து பாகமும் முடிந்தது, இருபத்தொன்பதும் முடிந்தது, கடைசிப் பாகம் தொடங்கவேண்டிய நாளில் அவர் வரவில்லை. முன்கூட்டியே வலி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், பெண் குழந்தை, இருவரும் சுகம் என்று அவர் தாயார் சொல்லி அனுப்பினார். நான் சந்தோஷப்பட்டு இரண்டு ரக்அத் தொழுதேன், இரண்டு வருஷம் என்பதையும் அங்கேயே இறக்கி வைத்தேன். பொய் சொல்லவில்லை, அழுதேன், ஆனால் வருத்தப்படவில்லை, அது வேறு இது வேறு. கடைசிப் பாகத்தை அடுப்படியில் எனக்கு நானே ஓதிக்கொண்டேன்.

போன திங்கட்கிழமை காலை லேப்டாப்பில் அழைப்பு வந்தது. திறந்தால் ஆனிஸா, மடியில் பொட்டலம் மாதிரி குழந்தை. “காலா, பிள்ளை பெத்த நாப்பது நாள் எனக்கு இன்னும் கழியல, அதுவரைக்கும் என் வாயால மறையை ஓதித் திருத்தக் கூடாது. ஆனா கேக்கலாமில்ல? தப்பு வந்தா விரலைத் தூக்குறேன், நீங்களே திரும்பிப் போங்க. ஒரு பாகந்தான, இவ தூங்குறதுக்குள்ள ஆரம்பிங்க” என்றார். நான் பிசைந்த மாவை அப்படியே போட்டுவிட்டு, கை முகம் கால் கழுவி ஒளு செய்துகொண்டு வந்து உட்கார்ந்தேன். ஓதத் தொடங்கினேன், குழந்தை எழுந்து அழுதது, அவர் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டார், அழுகைக்கு மேல் ஓதினேன், ஒவ்வொரு நீட்டலையும் அதன் அளவுக்கு நிறுத்தினேன், அவர் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஓர் இடத்தில் விரல் எழுந்தது, பின்னால் போய் எடுத்து வந்தேன், இறங்கியது. சின்னச் சின்ன அத்தியாயங்கள் வரத் தொடங்கியதும் குழந்தையும் அடங்கிவிட்டது. கடைசிச் சொல்லை ஓதி நிறுத்தினேன். மறுமுனையில் சத்தமே இல்லை. குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு ஆனிஸா இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். உன் வாப்பா கதவருகில் நின்றுகொண்டு மெல்லிய குரலில், “போச்சா? இப்ப அந்தப் புள்ளையோட மைக்கும் போச்சா?” என்றார். போகவில்லை மகனே. அவர் கையை எடுத்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. துஆ செய்தார், நான் ஆமீன் சொன்னேன், உன் வாப்பா என்னைவிடச் சத்தமாகச் சொன்னார்.

பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, “காலா, இஜாஸாவுல எழுதணும், உங்க பேரு என்ன?” என்று கேட்டார். இத்தனை வருஷமாக என் ஓதலைக் கேட்டவர் கேட்கிறார், அவருக்குத் தெரிந்ததெல்லாம் உம்மு குதைபா. நீ பிறந்ததிலிருந்து இந்த ஊருக்கே நான் குதைபாவின் தாய்தான், அது எனக்குக் குறை இல்லை, பெருமை. ஆனால் அந்த வரிசையில் மகன் பெயரால் எழுத மாட்டார்கள், சொந்தப் பெயரும் தகப்பன் பெயரும்தான். ஒரு நிமிஷம் யோசித்துத்தான் சொன்னேன், சொல்லும்போது யாரோ மூன்றாவது ஆளை அறிமுகப்படுத்துகிற மாதிரி இருந்தது. உன் வாப்பா அதைக் கேட்டுவிட்டு, “இந்தப் பேர நான் கல்யாணப் பதிவுல பாத்தது” என்றார்.

ஆகவே நீ மனசைப் போட்டு வாட்டிக்கொள்ளாதே. நீ கதவு வைத்துக் கொடுத்தாய், அந்தக் கதவு இருந்துகொண்டுதான் இருக்கிறது, எந்தத் திருடனும் வரவில்லை. அடுத்த விடுமுறையில் இதில் கை வைப்பதானால் துடைப்பதற்கு முன் எதெது நிறுத்தியிருக்கிறது, எதெது ஓடுகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள், அவ்வளவுதான் உம்மாவின் உபதேசம். வெளிச்சப் பொத்தான் இன்னும் வேலை செய்யவில்லை, அது உன் பங்கு, உனக்காக வைத்திருக்கிறேன். இஞ்சின் அறையில் காதுக்கு மூடி போடாமல் நிற்காதே, கேட்கிற காது அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். குளிர் நாட்டுத் துறைமுகத்தில் இறங்கினால் தலையை மூடிக்கொண்டு இறங்கு. ஐந்து வேளையையும் விடாதே, திசை தெரியாவிட்டால் தெரிந்த மட்டும் திரும்பி நின்று தொழு. கடலும் காற்றும் உனக்கு மென்மையாக இருக்கட்டும், உன் மேலதிகாரிகளின் மனசு உன்மேல் இரங்கட்டும், ஹலாலான சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத்து செய்யட்டும், இங்கிருந்து கொண்டுபோன அதே கால்களோடும் அதே கண்களோடும் உன்னை என் வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும். உன் வாப்பாவும் ருபாவும் சலாம் சொன்னார்கள். இதைப் படித்ததும், கரை கண்டதும், இரண்டு வரியாவது எழுது, போத்தல் உடையாமல் வந்ததா என்பதையும் எழுது. கீழே கையெழுத்தைப் பார்த்து யார் இது என்று திகைக்காதே, இஜாஸாவில் எழுதிய மாதிரியே எழுதிப் பழகுகிறேன்.

உன் உம்மா,
இன்திஸார் பின்த் முஃப்லிஹ்